இருபத்திரண்டு புள்ளி ஆறு

ஜூன் 9

தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் அத்தான் சொன்னார். நான் உன் போனை எடுப்பதில்லை என்றாலும் அவர் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று முக்கால் மணி நேரம் போனால் எனக்குத் தெரியாதா?

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அதை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர், மீசைக்காரர், டிசம்பரோடு ஓய்வு பெறுகிறார். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறேன். அடுத்தது நான்தான் என்று துணி மடிப்பவர்களிலிருந்து வண்டி தள்ளுபவர்கள் வரை பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வருடம் ஒரு விதி வந்திருக்கிறது. மேற்பார்வையாளராக வருபவர் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் மார்ச் மாதம் தனித்தேர்வு எழுதினேன். எல்லாம் தேறிவிட்டது. வேதியியலில் மட்டும் பத்தொன்பது, செய்முறைக்குப் பயந்து போகவே இல்லை. அக்டோபரில் மறுதேர்வு. அதிலும் போனால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து விடுவார்கள்.

மோல் என்றால் என்ன? புத்தகத்தில் மூன்று பக்கத்தில் மூன்று விதமாகப் போட்டிருக்கிறது. படித்தால் தூக்கம் வருகிறது.

போனில் கேட்டால் சண்டை வரும், அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு விருந்தில் இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "அவ சொல்றதையெல்லாம் கேக்காதீங்க, அவ எட்டாவதோட நின்னவ" என்று நீ சொன்னதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. நீயும் எழுதாதே.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

பதினான்கு மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்து. எழுதாதே என்று நீ சொன்னதை எழுதவில்லை. நான் என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை. ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று இலக்கம் வரும் பெரிய எண்ணிக்கை. அதற்கு அவகேட்ரோ எண் என்று பெயர். அவ்வளவு அணுக்களோ மூலக்கூறுகளோ சேர்ந்தால் அது ஒரு மோல். ஒரு மோல் கார்பன் பன்னிரண்டு கிராம். ஒரு மோல் தண்ணீர் பதினெட்டு கிராம், ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். எடைதான் வேறு. அணுவைக் கையால் எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம்.

இதை வகுப்பில் இப்படித்தான் சொல்வேன். பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். உனக்குப் புரியவில்லையென்றால் எழுது. புரிந்தாலும் எழுது.

தங்கை


ஜூன் 28

தங்கைக்கு,

இதையா இவ்வளவு சுற்றி வளைத்து எழுதி வைத்திருக்கிறார்கள்?

எங்களிடம் ஒரு கட்டு என்றால் ஐம்பது உருப்படி. தலையணை உறை ஒரு கட்டு, போர்வை ஒரு கட்டு. ஒன்றைத் தூக்கி அக்குளில் இடுக்கலாம், இன்னொன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் இரண்டிலும் ஐம்பதுதான். அதோடு நாங்கள் உட்கார்ந்து எண்ணுவதும் இல்லை. தராசில் போடுவோம். தலையணை உறை ஆறு கிலோ காட்டினால் ஐம்பது இருக்கிறது என்று சீட்டு எழுதி வார்டுக்கு அனுப்பிவிடுவோம். மோல் என்பது கட்டு. அவ்வளவுதானே? தப்பென்றால் சொல். சரியென்றால் புத்தகம் எழுதியவரை ஒரு நாள் எங்கள் சலவைக்கூடத்துக்கு வரச் சொல்.

அடுத்தது சமன்பாடு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதைச் சமன் செய்யச் சொன்னார்கள். இடது பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலது பக்கம் ஒன்று. நான் வலது பக்கத்து ஆக்சிஜனுக்குக் காலடியில் ஒரு இரண்டு போட்டேன். கணக்குச் சரியாக வந்தது. விடைப் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது. என் கணக்கில் என்ன குறை?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

கட்டு சரி. அதை நேற்றே வகுப்பில் சொல்லிவிட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். என் அக்கா சொன்னது என்றும் சொன்னேன்.

சமன்பாட்டில் எண்ணிக்கையை முன்னால்தான் மாற்றலாம். காலடியில் கை வைக்கக் கூடாது. காலடி எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும். நீ எழுதியது தண்ணீர் இல்லை. நீங்கள் கறை எடுக்க ஊற்றும் பெராக்சைடு. அதைத் தண்ணீர் என்று யாருக்காவது குடிக்கக் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் ஆட்டோ செலவு மட்டும் மிச்சமாகும்.

கேள்விகளை நிறுத்தாதே. உன் கடிதம் வரும் நாளில் பள்ளியிலிருந்து கொஞ்சம் வேகமாக வீட்டுக்கு வருகிறேன்.

தங்கை


ஜூலை 20

சின்னவளே,

நீ கிண்டல் செய்யும் அளவுக்கு வந்துவிட்டாய் என்றால் பழையபடி ஆகிவிட்டாய் என்று அர்த்தம்.

சமன்பாடு இப்போது ஓடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து போடுகிறேன், உன் அத்தான் விடைப் பக்கத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் ஒத்து வந்தால் தலையாட்டுவார்.

ஒன்று கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து வரும் ரத்தக்கறைத் துணியை நாங்கள் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போடுவோம். வெந்நீரில் போட்டால் கறை நிரந்தரமாகிவிடும். மீசைக்காரர் அப்படித்தான் பழக்கினார், காரணம் கேட்டால் "அது அப்படித்தான்" என்பார். போன வாரம் புத்தகத்தில், முட்டை வெந்தால் திரும்பப் பச்சையாகாது என்று படித்தபோது எனக்குச் சுரீரென்றது. ரத்தத்திலும் அதே புரதம்தானே? துணியிலேயே வேகவைத்துவிடுகிறோம், அதுதானே? மீசைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிவிட்டு, "நான் சொன்னது சரின்னுதானே சொல்றே?" என்றார்.

இன்னொன்று. கடைசி அலசல் தண்ணீரில் நான் தினமும் ஒரு சோதனை செய்வேன். ஒரு குப்பித் தண்ணீரில் ஒரு மருந்து இரண்டு துளி விடுவேன். சோப்புக் காரம் மிச்சமிருந்தால் ரோஸ் நிறமாகும். பிறகு இன்னொரு பாட்டிலிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக எண்ணி விடுவேன். நிறம் சட்டென்று போய்விடும். நான்கு துளிக்குள் போனால் துணி உலர்த்தப் போகலாம். அதற்கு மேல் என்றால் மறுபடியும் அலச வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருக்கும் நோயாளிக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பதினோரு வருடமாகச் செய்கிறேன். உங்கள் புத்தகத்தில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா?

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நீ செய்வதற்குத் தரம்பார்த்தல் என்று பெயர். செய்முறைத் தேர்வில் அதுதான் முக்கியம். ரோஸ் நிறம் தரும் உன் மருந்து பினாப்தலீன். துளி எண்ணுவதற்குப் பதிலாக, கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தை விட்டு, எத்தனை மில்லி போனது என்று பார்ப்பார்கள். அந்தக் குழாய் பியூரெட். நிறம் போகும் அந்த நொடியில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன, மிச்சம் உப்பும் தண்ணீரும்தான். பதினோரு வருடமாகப் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறாய்.

நான் நான்கு வருடமாகப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன் லேபில் ஒரு மாணவி பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குடுவை மேல் குனிந்தாள். பக்கத்திலிருந்தவளின் கை தட்டி அமிலம் தெறித்தது. குழாயடியில் இருபது நிமிடம் அவள் கண்ணைக் கழுவினேன். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நான் லேபைப் பூட்டினேன். அதற்குப் பிறகு தரம்பார்த்தலைக் கரும்பலகையில்தான் நடத்துகிறேன். அளவு எவ்வளவு வரும் என்று படம் வரைந்து பக்கத்தில் எழுதிப் போடுகிறேன். இருபது. எல்லாரும் நோட்டில் இருபது என்று எழுதிக்கொள்கிறார்கள். தேர்விலும் அதையே எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள்.

வேதியியல் டீச்சர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, அக்கா.

தங்கை


ஆகஸ்ட் 15

சின்னவளே,

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள்? முதலில் அதைச் சொல்.

எங்கள் கூடத்திலும் ஒரு தடவை நடந்தது. புதிதாக வந்தவள் துருக்கறை எடுக்கும் அமிலமும் ப்ளீச்சும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டாள். மஞ்சளாகப் புகை வந்தது. எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டோம். ஒரு வாரம் எனக்கு இருமல். அதற்காகச் சலவைக்கூடத்தைப் பூட்டியா வைத்தோம்? ஆஸ்பத்திரி முழுக்க அழுக்குப் போர்வையில் படுக்க முடியுமா? ப்ளீச்சை இந்தச் சுவரிலும் அமிலத்தை எதிர்ச் சுவரிலும் வைத்தோம். ஒன்றை எடுப்பவர் மற்றதை எடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். அவ்வளவுதான்.

பயந்தாய், பூட்டினாய், சரி. அதற்கு நான்கு வருடமா?

அக்கா


ஆகஸ்ட் 26

அக்கா,

அவள் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேல் பூ வேலை செய்கிறாள். கடைக்குப் போனால் எனக்குப் பெரிய துண்டாக வெட்டித் தருகிறாள். அந்தத் தழும்பை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை நான் மை போட்டு மறைக்கிறதே இல்ல" என்று ஒரு நாள் சொன்னாள்.

மற்றக் கேள்வியை இப்போது விட்டுவிடு. உன் பாடத்தைப் பார்ப்போம். பழைய கேள்வித்தாள் ஆறு அனுப்பியிருக்கிறேன். கரிமச் சேர்மங்கள் உனக்கு இன்னும் ஆட்டம் காட்டுகின்றன. செய்முறைத் தேர்வுக்கு நீ பயப்பட வேண்டியதே இல்லை.

தங்கை


அக்டோபர் 11

சின்னவளே,

எழுத்துத் தேர்வு பரவாயில்லை. கரிமத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். மோல் கணக்கு வந்தது, கட்டு கட்டாகப் போட்டேன்.

நேற்று செய்முறை. பதினேழு பேர். நான்தான் மூத்தவள், எனக்கு அடுத்தவருக்கே முப்பதுதான் இருக்கும். உள்ளே போகும்போதே வாசலில் குசுகுசுவென்று பேச்சு, காரம் இருபது மில்லி எடுத்தால் அமிலமும் இருபதுதான் வரும், எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று. நீ சொன்ன அதே இருபது.

நான் குழாயைக் கழுவி, அமிலம் நிரப்பி, நிதானமாக விட்டேன். இருபதில் ரோஸ் நிறம் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு புள்ளி ஆறில்தான் போனது. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். அதே அளவு. மூன்றாவது தடவையும் அதே. மற்றவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தேர்வாளர் அம்மா, காதில் பேனா செருகியிருந்தவர், என் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் இருபது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க இருபத்திரண்டரை?"

"மூணு தடவை பாத்துட்டேங்க. எனக்கு வர்றது இதுதான்."

"வேணும்னா திருத்திக்குங்க. நேரம் இருக்கு."

பேனாவைக் கையில் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அப்படியே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சரிதானே?

அக்கா


அக்டோபர் 16

அக்கா,

சரியில்லை.

செய்முறைக்கு இருபத்தைந்து மார்க். அதில் அளவுக்கு மட்டும் பதினைந்து. விடைக்குறிப்பில் இருபது என்று இருக்கும், அதற்கு அரை மில்லிக்கு மேல் தள்ளிப் போனால் ஒன்றும் கிடைக்காது. திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார், அப்போதும் பிடிவாதம். உன் சலவைக்கூடத்து வீம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

என்னைப் படிக்க வைப்பதற்காக நீ எட்டாவதோடு நின்றாய். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். நான் வாங்கிய ஒவ்வொரு மார்க்கும் உன்னுடையதைப் பிடுங்கியது போல இருக்கும். உன்னோடு பேசினாலே எனக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம், அன்று விருந்தில் என் வாயில் வந்ததற்கும் அதுதான் காரணம். இந்த ஒரு தேர்வில் நீ தேறிவிட்டால் கொஞ்சமாவது தீரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ ஒரு பேனாக் கோடு போட மறுத்து அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, சரிதானே என்று கேட்கிறாய்.

தங்கை


அக்டோபர் 22

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது. எனக்கு இருபத்திரண்டு புள்ளி ஆறை மாற்றி எழுத முடியவில்லை, ஆனால் உன்னிடம் முப்பது வருடமாக ஒன்றை மாற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் உனக்காகப் படிப்பை விடவில்லை.

எட்டாவது அரையாண்டில் அறிவியலில் எனக்கு முட்டை. மார்க் அட்டையில் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன். டீச்சர் கண்டுபிடித்துவிட்டு, அம்மாவைக் கூட்டிவா என்றார். நான் கூட்டிப் போகவில்லை. இரண்டு வாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, தெருமுனைத் தையல்கடையில் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயம் தெரிந்ததும் அம்மா அடித்தாள், அழுதாள். இனிமேல் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். ஊருக்கு என்ன சொல்வது? தங்கையாவது படிக்கட்டும் என்று பெரியவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அம்மா ஒரு கதை சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவினார்கள். எனக்கு அது சுகமாக இருந்தது. நீ டீச்சரானபோது எல்லாரும் என்னையும் பாராட்டினார்கள். அதுவும் சுகமாக இருந்தது. அது உன்னை இப்படி அரித்துக்கொண்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

உன் மார்க் எல்லாம் உன்னுடையது. என்னிடம் இருந்தது அந்த ஒரு முட்டைதான்.

திட்டுவதானால் திட்டிக் கடிதம் போடு. படிப்பேன்.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

போனை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். பேசினால் அழுவேன், அல்லது சிரிப்பேன், இரண்டும் உனக்குப் புரியாது.

திட்டத்தான் உட்கார்ந்தேன். எத்தனை நாள், எத்தனை தேர்வு, நீ துணி மடித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன் தெரியுமா? அதையெல்லாம் உன் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் நீ தையல்கடையில் உட்கார்ந்து பட்டன் தைப்பதை நினைத்தேன், யூனிபார்மோடு. அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உடம்பு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் லேப் சாவியைக் கேட்டேன். அவர் உடனே மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார், தினமும் எதிர்பார்த்திருந்தது போல. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. இரண்டு நாள் தூசி துடைத்தேன். அமிலத்தை ஒரு சுவரிலும் காரத்தை எதிர்ச் சுவரிலும் வைத்தேன். பாதுகாப்புக் கண்ணாடிகளைக் கயிறு கட்டி எல்லாருடைய கழுத்திலும் மாட்டிவிட்டேன், கழற்றினாலும் கழுத்திலேயே கிடக்கட்டும் என்று.

நேற்று முதல் வகுப்பு. முதலில் நான் செய்து காட்டினேன். எனக்கு இருபது புள்ளி மூன்று வந்தது. நானே கலந்த கரைசல், எனக்கே இருபது வரவில்லை. கரும்பலகையில் இருபது புள்ளி மூன்று என்று எழுதினேன். உங்களுக்கு எது வருகிறதோ அதை எழுதுங்கள், பக்கத்து நோட்டைப் பார்த்தால்தான் மார்க் போகும் என்றேன். ஒருத்திக்கு முப்பத்தொன்று வந்தது. பயந்துகொண்டே எழுதினாள். அடுத்த முறை கொஞ்சம் மெதுவாக விடு என்று மட்டும் சொன்னேன்.

நீ செய்தது சரிதான், அக்கா. தேறாமல் போனாலும் சரிதான்.

தங்கை


நவம்பர் 27

அடியே,

வேதியியல் அறுபத்தொன்று. செய்முறையில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. அந்த ஒரு மார்க் ஏன் போனது என்று கேட்கலாமா என்று பார்த்தேன், உன் அத்தான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

மார்க் பட்டியல் வாங்கப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. லேப் உதவியாளர் என்னைப் பார்த்ததும், "இருபத்திரண்டு புள்ளி ஆறு அம்மா நீங்கதானே?" என்றார். அன்று சாயங்காலம் தேர்வாளர் அம்மா வீட்டுக்குப் போகாமல், பாட்டிலிலிருந்த அமிலத்தைத் தானே எடுத்துச் சோதித்துப் பார்த்தாராம். யாரோ கலக்கும்போது தண்ணீர் கூடிவிட்டிருக்கிறது. அமிலத்தில் வலு இல்லை, அதனால் கூட வேண்டியிருந்தது. அவருக்கும் இருபத்திரண்டு புள்ளி ஆறுதான் வந்ததாம். இருபது என்று எழுதிய பதினாறு பேரையும் மறுநாள் கூப்பிட்டு, புதுக் கரைசல் கொடுத்து, பக்கத்தில் நின்று திரும்பச் செய்ய வைத்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டது காதில் விழுந்தபோது, நமக்கு இரண்டாவது வாய்ப்புக்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். ஜனவரி ஒன்றிலிருந்து மேற்பார்வையாளர். மீசைக்காரர் தன் அலமாரிச் சாவியை இப்போதே கொடுத்துவிட்டார். கேட்டால், "நீ எப்படியும் நாளைக்கே கேப்பே" என்கிறார். கூடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மடிப்பு மேசையில் இருக்கும் இரண்டு பெண்கள் அடுத்த வருடம் தேர்வு எழுதப் போகிறார்களாம். கேள்வித்தாள் ஆறையும் இப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொறுப்பு ஏற்பதற்கு முன் எனக்கு ஐந்து நாள் விடுமுறை வருகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன், பதினொன்றரைக்கு அங்கே இருப்பேன். திங்கட்கிழமை உன் லேபில் ஒரு ஓரமாக நின்று பார்க்க அனுமதி வாங்கி வை. நான் வாயைத் திறக்க மாட்டேன், திறந்தாலும் மெதுவாகத்தான் பேசுவேன். இதையெல்லாம் போனில் உன்னிடம் சொல்லிவிட உன் அத்தான் துடிக்கிறார். கடிதம் போய்ச் சேரும்வரை மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. நீ எழுதினால் நான் கிளம்பிய பிறகுதான் இங்கே வந்து சேரும். சொல்ல வேண்டியதைச் சேர்த்து வை, பஸ் நிலையத்தில் பை தூக்கும்போதே தொடங்கிவிடலாம்.

அக்கா